கடல் நீச்சலும் கூந்தலும்: வாசகர் கேள்வி – பதில்

மண்டபம் முதல் தொண்டி வரை, அடிக்கடி தண்ணீரில் இறங்குகிறவர்கள் தலைமுடி பற்றி எழுதிக் கேட்ட கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தினமும் காலையில் முக்கால் மணி நேரம் கடலில் நீந்துகிறேன். இடுப்பு வரை நீளமான முடி. இப்போது நார் நாராகி, நுனி செம்பட்டையாகிவிட்டது. சீப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது. உப்பு முடியை அரித்துவிடுமா? நீச்சலை விட மனமில்லை.
– கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: நீச்சலை விடவே வேண்டாம். உப்பு முடியை அரிப்பதில்லை. கெடுதலில் பெரும்பங்கு நடப்பது கடலுக்குள் அல்ல, நீங்கள் கரையேறிய பிறகு.

முடியின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள், ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனி பார்த்து அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் இயற்கையான கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடி வழுக்கிக்கொண்டு போவதும் மின்னுவதும் அதனால்தான். முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் பருக்கும், செதில்கள் சற்றுத் தூக்கிக்கொள்ளும். காய்ந்ததும் சுருங்கும். தினமும் பருத்துச் சுருங்கினால் செதில்களின் ஓரம் பெயர ஆரம்பிக்கும். கடல்நீர் லேசான காரத்தன்மை உடையது, அதன் கார அமில அளவு (pH; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) சுமார் 8.1. முடிக்குப் பிடித்தது அமிலப் பக்கம். காரத்தில் செதில்கள் இன்னும் விரியும்.

அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உங்கள் முடி கால் லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கரையேறினால், அதில் கிட்டத்தட்ட 9 கிராம் உப்பு இருக்கும், அதாவது ஒன்றரை டீஸ்பூன். அப்படியே காயவிட்டால் அவ்வளவும் முடி இழைகளுக்கு நடுவே படிகமாகிவிடும். அந்தப் படிகங்களோடு சீப்பை இழுக்கும்போது செதில் உரிகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் சாயங்காலம் வரை முடி பிசுபிசுவென்று இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நுனி செம்பட்டையானது வெயிலால். முடிக்குக் கருமை தரும் மெலனினைப் புற ஊதாக் கதிர் வெளுக்கச் செய்கிறது. ஈரமாக, உப்போடு, வெயிலில் உட்கார்ந்தால் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை தொங்கும் முடியின் நுனிக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். ஐந்து வருட வெயிலையும் சீப்பையும் தாங்கிய பகுதி அது. வெடித்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்ட வைக்காது. முதலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கத்தரித்தால் போதும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இடுப்பு நீள முடிக்கு ஒரு மேசைக்கரண்டி, தோள் வரை உள்ள முடிக்கு ஒன்றரை டீஸ்பூன். உச்சந்தலையில் ஊற்றித் தேய்க்காமல், உள்ளங்கையில் பரப்பி, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கும் நுனிக்கும் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெயை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறோம் என்றால், அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அது முடிக்குள் நுழைகிறது. தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிக் குறைக்கவில்லை என்றும் ஆர்த்தி ரெலே, மோஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடலுக்குப் போகும் நேரத்தில் அவசரமாகத் தடவினால் எண்ணெய் மேலேயே நின்று தண்ணீரில் போய்விடும். உள்ளே இறங்க அதற்கு நேரம் வேண்டும். விளக்கெண்ணெயைத் தனியாகத் தடவிக்கொண்டு நீந்த வேண்டாம். அது மிகவும் கெட்டி. ஈரத்தில் முடி ஒன்றோடொன்று சுற்றி, பிரிக்கவே முடியாத சிக்காகிவிடும்.

கடலில் இறங்குவதற்கு முன் ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றி முடி முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே நல்ல தண்ணீர் குடித்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். இந்த ஒரு செம்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால், எண்ணெயைக்கூட ஒரு நாள் விடலாம், இதை விடக் கூடாது. பிறகு தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியைத் துணி சுற்றிய பேண்டால் கட்டுங்கள். வெறும் ரப்பர் பேண்ட் ஈர முடியை அறுக்கும். மேலே சிலிக்கான் தொப்பி. தொப்பி போட்டால் முடி நனையாது என்று நினைக்காதீர்கள், நனையும். ஆனால் அலையில் முடி உரசுவதும் வெயில் படுவதும் பெருமளவு குறையும்.

கரையேறியதும் முடி காய்வதற்கு முன்பே அலச வேண்டும். தினமும் ஷாம்பு வேண்டாம், நல்ல தண்ணீரே போதும். வாரம் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். அலசிய ஒவ்வொரு முறையும் கண்டிஷனரை நீளத்துக்கு மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, அது இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். பிறகு மறுபடி அலசுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் இன்றே விடுங்கள்: குளித்துவிட்டுக் குனிந்து நின்று, துண்டால் முடியைப் பட் பட்டென்று அடித்து ஈரம் போக்குவது. ஈர முடி இழுத்தால் நீளும், அளவு மீறி நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, அந்த இடத்தில் ஒடியும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி அமுக்கி ஈரத்தை எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

கேள்வி: பாசி எடுக்கப் போகிறோம். காலையில் வள்ளம் ஏறினால் மத்தியானம் வரை தண்ணிக்குள்தான். கொண்டை போட்டுத் துணியைக் கட்டிக்கொள்வோம். நெற்றி ஓரத்தில் முடி குறைந்து வழுக்கை மாதிரித் தெரிகிறது. கொண்டை இருக்கும் இடத்திலேயே முடி ஒடிகிறது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் குடக் கணக்கில்தான் கிடைக்கும். குடம் குடமாக ஊற்றி அலச வசதி இல்லை.
– பாம்பனிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. தண்ணீர்க் கணக்கை முதலில் பார்ப்போம். இது உங்களுக்கு மட்டுமல்ல, கரையோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் உதவும்.

தலையில் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீரில் பாதிக்கு மேல் முடிக்குள் போகாமலேயே வழிந்துவிடும். அதற்குப் பதில் முக்கிப் பிழியுங்கள். முடியைக் கையால் நன்றாக அழுத்திக் கடல்நீரை வழித்து எடுங்கள். முறுக்க வேண்டாம், மேலிருந்து கீழே அழுத்தி உருவினால் போதும். அப்படியும் நூறு மில்லி அளவு முடியில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றரை கிராம் உப்பு இருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, முடியை அதில் முக்கி அரை நிமிடம் அலைத்து, வெளியே எடுத்துப் பிழியுங்கள். உப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு லிட்டரில் அதே மாதிரி ஒரு முறை. இப்போது நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. உச்சந்தலைக்கு ஒரு லிட்டரை மெதுவாக ஊற்றி விரலால் நீவுங்கள். மொத்தம் மூன்று லிட்டர். ஒரு குடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

வீட்டுக் கிணறோ போரோ சவர்த் தண்ணீராக இருந்தாலும் முதல் முக்கலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீரிலும் கடலைவிட உப்பு மிகக் குறைவு. கடைசி லிட்டர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் தோண்டும் ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் அது இதற்கு நன்றாகவே பயன்படும். மழைக்காலத்தில் கூரையிலிருந்து பிடித்த தண்ணீர் எல்லாவற்றிலும் மேல். அதில் சுண்ணாம்புச் சத்தே கிடையாது.

வள்ளத்தில் திரும்பும்போது வெயிலும் காற்றும் சேர்ந்து முடியைக் காய வைத்துவிடும். உப்பு படிகமாவது அப்போதுதான். இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், வள்ளம் ஏறியதும் பாதியைத் தலையில் ஊற்றிப் பிழிந்து காய்ந்த துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரை இதற்குக் குறைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் போதாது என்றால் தலைத்துணியை நனைத்தபடியே, முடியைக் காயவிடாமல் வீட்டுக்கு வந்து அலசுங்கள். உப்போடு காய்வதைவிட ஈரமாக இருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குப் பரவாயில்லை.

இனி நெற்றி ஓர முடி. அது உப்பின் வேலை அல்ல, இழுப்பின் வேலை. தண்ணீர் குடித்த கொண்டை கனமாக இருக்கும். தினமும் பல மணி நேரம் ஒரே இடத்தில் வேரை இழுத்துக்கொண்டே இருந்தால், நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து போகும். ஆரம்பத்திலேயே இழுப்பை விட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேரே மூடிப்போகும், பிறகு வராது. அதனால் கொண்டையை விட்டுவிட்டு, பின்கழுத்தில் தாழ்வாக இரண்டு பின்னல் போட்டு, அவற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். துணியை நெற்றியில் இறுக்காமல், ஒரு விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். அது ஒரே தடத்தில் தினமும் அழுத்தாமல், ஒரு நாள் சற்று மேலே, ஒரு நாள் சற்றுக் கீழே இருக்கட்டும். நெற்றி ஓரத்தில் கொப்புளமோ செதிலோ புண்ணோ இருந்தால் எண்ணெய் போட்டு மறைக்காமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: கடல்நீரில் குளித்துவிட்டு எலுமிச்சம்பழம் தேய்த்தால் முடி மிருதுவாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– ராமேஸ்வரம் வாசகி

பதில்: நேராகத் தேய்க்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். அலசி முடித்த பின் இதை முடியின் நீளத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துச் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். விரிந்த செதில்கள் படியும், சவர்த் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவும் கொஞ்சம் கரையும். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். எலுமிச்சைச் சாறு நெற்றியிலோ கழுத்திலோ பட்டு, கழுவாமல் வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துத் தழும்பாகும். வெயிலில் இறங்கப்போகிறவர்களுக்கு வினிகரே நல்லது.

கேள்வி: பத்து வயது மகள் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு முறை ஷாம்பு போட்டாலும் குளோரின் வாடை போவதில்லை. முடி தொட்டால் வறவறவென்று இருக்கிறது. எண்ணெய் வைத்து அனுப்பினால் தொப்பி ஒரு மாதத்திலேயே பிசுபிசுத்துக் கிழிந்துவிடுகிறது.
– கீழக்கரை, ஒரு தாய்

பதில்: தொப்பி கிழிவதற்குக் காரணம் எண்ணெய். அது லேடெக்ஸ், அதாவது ரப்பர்ப் பால் தொப்பியாக இருக்கும். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஊறித் தளர்ந்து கிழியும். சிலிக்கான் தொப்பி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எண்ணெயைத் தாங்கும், முடியைப் பிடித்து இழுக்காது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி மடித்தால் பல மாதம் உழைக்கும். லேடெக்ஸ் போட்டு நெற்றியில் அரிப்போ தடிப்போ வந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது அதைத் தொடவே வேண்டாம்.

குளோரின் விஷயம் உப்பிலிருந்து வேறுபட்டது. உப்பை அலசினால் போய்விடும். குளோரினோ முடியின் கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து, முடியோடு வினை புரிகிறது. அதனால்தான் வாடை ஷாம்புக்கு அடங்குவதில்லை. மூக்கில் ஏறும் அந்த வாடை பெரும்பாலும் குளோரமின். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது உண்டாவது. குளத்தில் வாடை தூக்கினால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பொருள் அல்ல. இறங்குவதற்கு முன் எல்லோரும் குளிக்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் பெற்றோர்கள் சேர்ந்து கேளுங்கள். குளத்துத் தண்ணீரில் தனிக் குளோரின், அதாவது வேறெதோடும் சேராமல் மிஞ்சியிருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், கார அமில அளவு 7.2 முதல் 7.8 வரையும் இருப்பது வழக்கம். அதை அளந்து எழுதும் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளுக்குச் செய்ய வேண்டியது: குளத்துக்குப் போகும் முன் தலையை நன்றாக நனைத்துவிடுங்கள். முடி முழுக்க எண்ணெய் வைத்து அனுப்ப வேண்டாம். எண்ணெய் குளத்து வடிகட்டியை அடைக்கும், பல குளங்களில் அனுமதியும் இல்லை. முந்தின இரவு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் நீளத்துக்குத் தடவினால் போதும். தொப்பிக்குள் விடும் முன் கொஞ்சம் கண்டிஷனரை நுனியில் பூசலாம்.

திரும்பி வந்ததும் வைட்டமின் சி அலசல். மருந்துக் கடையில் அஸ்கார்பிக் அமிலப் பொடி என்று கேளுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் கரைத்து, முடி முழுவதும் ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். குளோரினை அது முறித்துவிடும். கரைத்ததை உடனே பயன்படுத்துங்கள், எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். கண்ணில் பட்டால் எரியும், அதனால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு மென்மையான ஷாம்பு ஒரே ஒரு முறை, அடுத்து கண்டிஷனர். இரண்டு முறை ஷாம்பு போடுவதால்தான் மிச்சமிருக்கும் எண்ணெயும் போய் முடி வறவறக்கிறது.

சீயக்காயும் போடலாம். ஆனால் பொடியை அப்படியே ஈர முடியில் தேய்த்தால் துகள்கள் செதிலைச் சுரண்டும். இரண்டு மேசைக்கரண்டியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் எடுங்கள். குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே வேண்டாம். நம் சவர்த் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசினாகி முடியில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நீச்சல் குளத்தில் பேன் பரவுமா? குளோரினில் பேன் செத்துவிடும் என்றும் சொல்கிறார்களே.
– அதே வாசகி

பதில்: இரண்டும் இல்லை. தண்ணீருக்குள் பேன் முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நீந்தி இன்னொரு தலைக்குப் போகாது. குளத்திலிருக்கும் அளவு குளோரினில் சாகவும் செய்யாது. பரவினால் தலையோடு தலை ஒட்டுவதாலும், ஒரே துண்டு, சீப்பு, தொப்பியைப் பகிர்வதாலும்தான். மகளுக்குத் தனித் துண்டும் தனித் தொப்பியும் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நரைக்கு டை அடிக்கிறேன். மதுரையில் மகன் வீட்டில் இருந்தபோது நீச்சல் குளத்துக்குப் போனேன். டை போன இடங்களில் நரை லேசாகப் பச்சை தட்டித் தெரிகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி

பதில்: பச்சை நிறம் செம்பிலிருந்து வருகிறது. குளத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் போடும் மயில்துத்தம், அதாவது செம்புச் சல்பேட், அல்லது செம்புக் குழாய் தேய்வது காரணமாக இருக்கும். குளோரின் அந்தச் செம்பை முடியில் பிடிக்க வைக்கிறது. கறுப்பு முடியிலும் படியும், கண்ணுக்குத் தெரியாது. நரையில்தான் காட்டிக் கொடுக்கும். கடைகளில் கிடைக்கும் கீலேட்டிங் ஷாம்புவை, அதாவது உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஷாம்புவை, வாங்குங்கள். லேபிளில் உலோகத்தைப் பிடிக்கும் பொருளான இ.டி.டி.ஏ. (EDTA) என்பது பட்டியலின் முன்பகுதியில் இருக்க வேண்டும். கடைசியில் இருந்தால் அது ஷாம்பு கெடாமல் இருக்கப் போட்டது, உங்களுக்கு உதவாது. தடவி நான்கு நிமிடம் விட்டு அலசுங்கள். இரண்டு மூன்று தடவையில் போகும். வழக்கமாக வாரத்தில் பல நாள் குளத்தில் நீந்துகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், அடிக்கடி போட்டால் முடி வறண்டுவிடும். டை அடித்த பின் மூன்று நாள் கழித்தே தண்ணீரில் இறங்குங்கள்.

கேள்வி: சிறு வயதிலிருந்தே கடலில் குளிக்கிறேன். முப்பது வயதில் உச்சி தெரிகிறது. கடல் தண்ணீரால்தான் வழுக்கை என்று வீட்டில் திட்டுகிறார்கள்.
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: கடல் தண்ணீரால் வழுக்கை வராது. கடலும் குளோரினும் வெளியே தெரியும் முடியைத்தான் கெடுக்கும். வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, உப்பு அங்கே போவதில்லை. உச்சியில் தொடங்குவது பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து வருவது. சீக்கிரம் தோல் மருத்துவரைப் பார்த்தால் நிறுத்தவோ மெதுவாக்கவோ மருந்து இருக்கிறது.

விழுந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. இரண்டு முனையும் மொட்டையாக, நீளமும் குறைவாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. ஒடிந்ததற்கு இந்தப் பக்கங்களில் சொன்ன பராமரிப்பு பலன் தரும். வேரோடு உதிர்வது ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இயல்பு. டெங்கு, சிக்குன்குனியா போன்ற கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு தானாக நிற்கும். பெண்களுக்கு நீண்ட நாள் கொட்டினால் இரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும். உச்சி தெரிகிறவர்கள் வெயிலில் நீந்தினால் அந்தத் தோல் வெந்துபோகும். தொப்பி போடுங்கள், வகிட்டிலும் உச்சியிலும் தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப்போகிறோம். பெண்களுக்கு முடி கெடாமல் இருக்க வழி உண்டா?
– பரமக்குடி

பதில்: ஒரு நாள் குளியலால் எதுவும் கெட்டுப்போகாது. கடலில் முழுகிய தலையில் தொடர்ந்து கிணற்றுத் தீர்த்தம் விழுவதால் உப்பு பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும். பின்னலை அவிழ்க்காமல் தளர்வாக விட்டுக்கொள்ளுங்கள். தீர்த்தமாடி முடித்ததும் ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் வழக்கத்தை மட்டும் தவிருங்கள். அது ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: வாரம் மூன்று நாள் விடியற்காலையில் கடலில் குளிக்கிறோம். வீட்டுக்கு வந்து அலசி, உடனே தலையில் துணி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். தலை நாறுகிறது. முடியில் வெள்ளையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். பேன் முட்டை என்று நினைத்து மருந்து போட்டேன், போகவில்லை.
– கீழக்கரை வாசகி

பதில்: பேன் முட்டை முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் வேருக்கு அருகில். நீங்கள் சொல்வது முடியைச் சுற்றிப் படிந்து, நீளத்தில் அங்கங்கே இருந்து, விரலால் உருவினால் கழன்று வருகிறது என்றால் அது வெள்ளைப் பியட்ரா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். ஈர முடியைக் காற்று படாமல் கட்டி வைப்பவர்களுக்கு, நம்மைப் போன்ற வெக்கையான ஊர்களில் வருவது. தோல் மருத்துவர் ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்துவிடும். பூஞ்சைக்கான ஷாம்புவும் மருந்தும் தருவார். சீப்பையும் தலைத்துணிகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அதுவரை மற்றவர்களோடு சீப்பைப் பகிர வேண்டாம்.

துணி போடுவதால் தவறில்லை. ஈரத்தின் மேல் போடுவதுதான் சிக்கல். குளித்ததும் உறிஞ்சும் பருத்தித் துணியை இரண்டு முறை மாற்றிச் சுற்றினால் ஈரத்தில் பெரும்பகுதி போய்விடும். அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வேரை விரித்து விடுங்கள். நுனியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, வேர் காய்ந்திருக்க வேண்டும். நேரமில்லாத நாளில் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குளிர்க் காற்றில் வையுங்கள். சாம்பிராணிப் புகை பிடிப்பதானால் தணலிலிருந்து ஒரு முழம் தள்ளி. வேலைக்குப் பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் வியர்வையை உள்ளேயே நிறுத்தும். தலையில் பொடுகும் அரிப்பும் இருந்தால் வேரில் எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். பொடுகுப் பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பைத் தின்றே வளர்கிறது.

கேள்வி: மகள் பாக் நீரிணையில் நீண்ட தூர நீச்சலுக்குப் பயிற்சி எடுக்கிறாள். தொடர்ந்து நான்கு ஐந்து மணி நேரம் கடலில் இருக்கிறாள். முடியை ஒட்ட வெட்டிவிடுவதுதான் ஒரே வழி என்கிறார் ஒரு நண்பர்.
– ராமநாதபுரம், ஒரு தந்தை

பதில்: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு மிஹிர் சென் 1966-இல் நீந்திக் கடந்த அதே நீரில் உங்கள் மகள் பயிற்சி எடுக்கிறாள், மகிழ்ச்சி. முடியை வெட்டுவது அவள் விருப்பம். பராமரிப்புக்காகக் கட்டாயமில்லை. தோளுக்குச் சற்றுக் கீழே இருக்கும் நீளம் தொப்பிக்குள் அடக்கச் சுலபம்.

நீண்ட நேர நீச்சலில் முடியைவிட முதலில் அவதிப்படுவது தொப்பியின் ஓரம் உராயும் தோல்தான். பின்கழுத்து, காதுக்குப் பின்புறம், நெற்றி ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் வாசலின் மெல்லிய படலமாகத் தடவுங்கள். நெற்றியில் அதிகமானால் தொப்பி வழுக்கும், கண்ணாடியிலும் ஒட்டும். அதனால் அங்கே மட்டும் பட்டாணி அளவு. பின்னலை இரண்டாகப் போட்டு, தலையின் பின்புறம் தட்டையாகக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். உச்சியில் கொண்டையாக வைத்தால் தொப்பி மேலே ஏறிக்கொண்டே போகும். பயிற்சியின்போது உள்ளே லைக்ரா துணித் தொப்பி, மேலே சிலிக்கான் என்று இரண்டு போடலாம். உள்தொப்பி முடியைப் பிடித்து வைக்கும், மேல்தொப்பி நகராது. போட்டியில் எத்தனை தொப்பி அனுமதி என்பதை விதிகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், மிகுந்த நாட்களில் அதன் இழை முடியில் சுற்றிக்கொண்டு வரலாம். அப்போது நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் நல்ல தண்ணீர் பட்டால் வெடிக்கும். கடல்நீரிலேயே அலசி, கையுறை போட்டு இழையை எடுத்த பிறகே மற்ற அலசல். முகம், கண் பக்கம் பட்டிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரையேறியதும் உடல் குளிர்ந்திருக்கும், கை நடுங்கும். அந்த நேரத்தில் அவளே சிக்கெடுக்கக் கூடாது. தொப்பியைக் கழற்றி மேலே சொன்னபடி மூன்று லிட்டரில் முக்கிப் பிழிந்து, காய்ந்த துணியைச் சுற்றி, முதலில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கண்டிஷனரும் சீப்பும் வீட்டுக்கு வந்த பிறகு, உடல் சூடேறியதும்.